ஒண்ணும் ஆகியிருக்காதுடா

என் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்களுக்கு ‘கவுன்சிலிங்’ என்ற சொல் முதலில் அறிமுகமானது சென்டாக் மூலமாகத்தான். பிளஸ் டூ முடித்த கோடையில், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டு, பிள்ளைச்சாவடி இன்ஜினியரிங் கல்லூரிக்கு அப்பாவோடு போய் உட்கார்ந்திருப்போம். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று எண்கள் குறைந்துகொண்டே வரும். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், சில நிமிடங்களில் ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியே வரவேண்டும். அதற்குப் பெயர் கவுன்சிலிங். அங்கே யாரும் யாருக்கும் எந்த ஆலோசனையும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் பின்னாளில் என் நெருங்கிய நண்பன் ஆனான். அவனுக்கு மெக்கானிக்கல் கிடைத்தது, எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ். பதினோரு ஆண்டுகள் கழித்து ஓர் இரவு போனில் கேட்டான்: “மச்சான், எனக்கு கவுன்சிலிங் போதுமா, இல்ல தெரபிக்குப் போவணுமா?” ஒருநாள் டைம் கொடு, படிச்சுட்டுச் சொல்றேன் என்றேன். மறுநாள் சொன்னேன்: “கவுன்சிலிங் போதும்டா. தெரபியெல்லாம் உனக்கு எதுக்கு.”

அந்தப் பதிலால் அவனுக்கு ஒன்றரை ஆண்டு போயிற்று. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவனுக்குச் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை. வீடு லாஸ்பேட்டை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து காரில் கிளம்பினால் அரை மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம். வழியில் வண்டி ஒரு பள்ளத்திலோ வேகத்தடையிலோ ஏறி இறங்கும். அது பள்ளம்தான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளே ஒரு கேள்வி எழும்: யாரையாவது இடிச்சுட்டோமோ? கண்ணாடியில் பார்ப்பான். யாரும் இருக்கமாட்டார்கள். இருட்டில் தெரியவில்லையோ? வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே இடத்துக்குப் போவான். யாரும் இல்லை. அடிபட்டவரை அதற்குள் யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்? இறங்கி ரோட்டில் ரத்தக்கறை இருக்கிறதா என்று மொபைல் லைட் அடித்துப் பார்ப்பான். திரும்பி வரும்போது இன்னொரு பள்ளம். அரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்து பம்பரைத் துடைத்துப் பார்ப்பான். மறுநாள் காலை பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் விபத்துச் செய்திகளைத் தேடுவான். நடுவில் எனக்குப் போன் செய்வான்.

“வில்லியனூர் ரோடு திரும்புற இடத்துல வண்டி குதிச்சுது மச்சான். சவுண்டு வந்துது.”

“ஒண்ணும் ஆகியிருக்காதுடா. ஆளை இடிச்சா உனக்குத் தெரியாதா? போய்ச் சாப்ட்டுத் தூங்கு.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா.”

ஒரு பெருமூச்சு கேட்கும். வைத்துவிடுவான். அந்தப் பெருமூச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவன் கேட்ட கேள்விக்கு நான் எப்படிப் பதில் கண்டுபிடித்தேன்? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். இடது பக்கம் கவுன்சிலிங், வலது பக்கம் தெரபி. நான் படித்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னது: குறிப்பிட்ட ஒரு பிரச்சினை, குறுகிய காலம், இன்றைய வாழ்க்கை என்றால் கவுன்சிலிங். நீண்ட காலம், ஆழம், கடந்தகாலத்தில் வேர் என்றால் தெரபி. அவனுடைய பிரச்சினை குறிப்பானது: ரோடு. சிறுவயதில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை, அவங்க வீட்டு மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியும். ஆகவே கவுன்சிலிங். தேவைகளை எழுதி, பொருந்தும் கருவியைத் தேர்ந்தெடுப்பது எங்கள் தொழில். பொறியாளனின் முட்டாள்தனத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் ஸ்ப்ரெட்ஷீட் ஒரு சாக்குதான். ‘தெரபி’ என்ற சொல்லுக்குப் பின்னால் மனநல மருத்துவர், அவருக்குப் பின்னால் மாத்திரை, மாத்திரைக்குப் பின்னால் பெண் வீட்டார் விசாரணை என்று ஒரு வரிசை என் மனதில் நின்றது. அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மாவிடம் மெல்ல இந்தப் பேச்சை எடுத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தெரபின்னா கரண்டு வைக்கிறதாப்பா?” நான் அவசரமாகச் சொன்னேன், இல்லம்மா, சும்மா கவுன்சிலிங்தான்.

சும்மா கவுன்சிலிங். இந்த இரண்டு சொற்களும் தமிழில் எப்படி வாழ்கின்றன என்று பாருங்கள். கவுன்சிலிங் என்பது நாம் ‘கொடுப்பது’. காதல் திருமணம் செய்துகொண்ட ஜோடிக்கு மகளிர் காவல் நிலையத்தில் கவுன்சிலிங் கொடுப்பார்கள். அடித்துக்கொண்ட பள்ளிப் பையன்களுக்குக் கொடுப்பார்கள். அடிக்கும் கணவனோடு திரும்பி வாழச்சொல்லி மனைவிக்கும் கொடுப்பார்கள். எங்கே இருக்கவேண்டுமோ அங்கே ஆளைத் திருப்பி அனுப்பும் பேச்சுக்கு நாம் வைத்திருக்கும் நாகரிகமான பெயர் அது. (கவுன்சிலர் என்றால் வார்டு மெம்பர் என்று புரிந்துகொள்பவர்களும் உண்டு. எங்கள் ஊரில் அந்தக் கவுன்சிலர்களும் கிடையாது. 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-இல் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, பிறகு நடக்கவில்லை.) தெரபி என்பது நாம் ‘எடுத்துக்கொள்வது’. பிசியோதெரபி, கீமோதெரபி. உடம்பில் ஏதோ பழுதாகிவிட்டது, மிஷினுக்குக் கீழே படுக்க வேண்டும். ஆக, ஒருவன் எனக்கு எது வேண்டும் என்று கேட்கும்போது, வழிதவறியவனா, பழுதானவனா, இரண்டில் நீ யார் என்ற கேள்விதான் அவன் காதில் விழுகிறது. எவனும் முதலாவதையே விரும்புவான். நண்பனுக்காகத் தேர்ந்தெடுப்பவனும் அதையேதான் விரும்புவான்.

அவன் போன இடம் ஒரு சிறிய மையம். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் மிக அன்பானவர், இதை அவனும் இன்றுவரை சொல்கிறான். வாரம் ஒருமுறை, 45 நிமிடம், 800 ரூபாய். அவன் அந்த வாரத்துப் பயணங்களைச் சொல்வான். அவர் பொறுமையாகக் கேட்டு ஒவ்வொன்றாக எடுத்து விசாரிப்பார். யாராவது கத்தினார்களா? இல்லை. வண்டியில் கீறல் இருந்ததா? இல்லை. பேப்பரில் வந்ததா? இல்லை. அப்படியென்றால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மனசு பாரமாக இருந்தால் வாட்ஸப்பில் எழுதுங்கள் என்றார். நான் செய்துகொண்டிருந்ததையே அவர் என்னைவிடத் திறமையாகச் செய்தார், அவ்வளவுதான்.

முதல் மாதம் அற்புதமாக இருந்தது. நான்காவது மாதம் தினமும் மெசேஜ் எழுதிக்கொண்டிருந்தான். எட்டாவது மாதம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மெசேஜ். ஒரு வருடம் முடிந்தபோது கார் ஓட்டுவதை நிறுத்தியிருந்தான். பஸ்ஸில் போனான். பிறகு பஸ் படிக்கட்டில் தன் பை பட்டு யாராவது கீழே விழுந்திருப்பார்களோ என்று ஆரம்பித்தது. பெண் பார்ப்பதும் தானாக நின்றுபோனது. எந்த மாத்திரைச் சீட்டை மறைக்க நான் சாமர்த்தியம் செய்தேனோ அது இல்லாமலேயே.

அவனுடைய பெரியம்மா மகள் நர்ஸ். அவர்தான் விஷயத்தைக் கேட்டதும், “அண்ணா, இதுக்கு எதுக்கு இவ்ளோ நாள் சும்மா இருந்தீங்க?” என்று திட்டிவிட்டு கோரிமேட்டுக்கு ஜிப்மர் ஓ.பி.க்குக் கூட்டிப்போனார். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று விடியற்காலையிலேயே பஸ் ஏறி வருபவர்களின் வரிசையில் அவனும் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றான். அன்று மதியமே அவனுடைய பிரச்சினைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஓ.சி.டி. கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் மட்டும்தான் ஓ.சி.டி. என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் யாரையோ இடித்துவிட்டோம் என்ற சந்தேகமும் அதன் நன்கு தெரிந்த வடிவங்களில் ஒன்று.

இந்த நோய்க்கு ஒரு பழைய பெயர் உண்டு. எங்கள் ஊரை அப்போது ஆண்டவர்களின் மொழியில், 1875-இல், லெக்ராந்து துய் சோல் என்ற மருத்துவர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் அவர் பயன்படுத்தும் பெயர் ‘ஃபோலி து தூத்’, அதாவது சந்தேகப் பைத்தியம். தமிழில் சந்தேகம் என்றால் நாம் உடனே மனைவியைச் சந்தேகிப்பவனை நினைக்கிறோம். இந்த நோயாளி சந்தேகிப்பது தன்னையேதான். என் நினைவு சரியா, என் கண் சரியா, நான் நல்லவன்தானா. ஓ.சி.டி. பற்றிப் பின்னாளில் முக்கியமாக எழுதியவர்களில் ஒருவரான பால் சால்கோவ்ஸ்கிஸ், 1985-இல் இதன் மையத்தில் ஒரு வீங்கிய பொறுப்புணர்வு இருக்கிறது என்றார். தீங்கைத் தடுக்கும் சக்தி எனக்கு ஒரு துளியாவது இருந்தால், தடுக்காதது முழுக்க என் குற்றம் என்று நினைப்பது. இதைப் படித்தபோது எனக்கு நண்பனின் முகம் தெரிந்தது. யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த நோய் இருக்காது. இடிக்காமலேயே திரும்பித் திரும்பி வருகிறவனுக்குத்தான் இருக்கிறது.

நீண்டகாலம் இது கைவிடப்பட்ட கேஸ். ஆண்டுக்கணக்கில் பேசி, கனவுகளை ஆராய்ந்து, ஒன்றும் அசையவில்லை. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டே நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது கேட்பதற்கே கடுமையானது. எதைத் தொட பயமோ அதைத் தொடவைப்பது. தொட்ட பிறகு கழுவவிடாமல் இருப்பது. செவிலியர்கள் பக்கத்திலேயே இருந்து தடுத்தார்கள். சமாதானம் எதுவும் கிடையாது. பயம் உச்சத்துக்குப் போகும், இருக்கும், பிறகு இறங்கும். இன்று உலகம் முழுக்க, எதிர்கொண்டு தடுத்துக்கொள்ளுதல் என்ற பொருளில் இ.ஆர்.பி. என்று சொல்லப்படும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிக அளவில், பலன் தெரிய அதிக வாரங்கள் காத்திருந்து. என் நண்பனுக்கு இரண்டும் கொடுத்தார்கள்.

இந்தச் சிகிச்சையைப் பொறுத்தவரை, சமாதானம் கேட்பதும் கை கழுவுவதைப் போன்ற ஒரு சடங்கு. “ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?” என்று என்னைக் கேட்பதும் திரும்பிப் போய் ரோட்டைப் பார்ப்பதும் ஒன்று. என் பதில் அவன் பதற்றத்தை உடனே இறக்கியது. அதனாலேயே அடுத்தமுறை பதற்றம் வந்தபோது பதில் இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. ஒன்றரை ஆண்டாக நானும் அந்தக் கவுன்சிலரும் சேர்ந்து அவனுக்கு இருபத்துநான்கு மணிநேரமும் தண்ணீர் வரும் ஒரு குழாயைத் திறந்து வைத்திருந்தோம்.

தமிழில் ‘ஆறுதல்’ என்ற சொல் புண்ணுக்கும் மனதுக்கும் ஒன்றுதான். புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, காபியும் ஆறுகிறது. கூடவே இன்னொரு வினை இருக்கிறது: ஆற்றுவது. ஆறுவது தானாக நடப்பது, ஆற்றுவது இன்னொருவர் செய்வது. டீக்கடையில் இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு ஆற்றுகிறார்கள். அழும் குழந்தையை ஆற்றுகிறோம். பெரும்பாலான துக்கங்களை ஆற்றலாம், ஆற்றவும் வேண்டும். ஆனால் சில புண்களை ஊதிக்கொண்டே இருந்தால் ஆறுவதில்லை. நான் போட்ட ஸ்ப்ரெட்ஷீட்டில் நீளம், ஆழம், கடந்தகாலம் என்று நிரல்கள் இருந்தன. இருந்திருக்க வேண்டிய ஒரே நிரல் அதில் இல்லை: இந்த வலிக்கு என் அன்பு மருந்தா, தீனியா?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருநாள் என்னையும் வரச்சொன்னார். இப்படிச் செய்வது வழக்கமாம். வீட்டில் யார் பதில் சொல்கிறார்களோ அவர்களும் சிகிச்சையில் சேரவேண்டும். நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு வாக்கியத்தைத் தயாரித்தோம். அவன் கேட்டால் நான் சொல்ல வேண்டியது: “இதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்னு நாம பேசியிருக்கோம். கஷ்டமா இருக்குன்னு தெரியுது. லைன்ல இருக்கேன்.” அவ்வளவுதான். அவன் காரை எடுத்து ஓட்டவேண்டும். கண்ணாடியில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பேப்பர் பார்க்கக் கூடாது. இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. நான் வாக்கியத்தைச் சொன்னேன். அவன் கெஞ்சினான். “ஒரே ஒரு தடவை மச்சான். நாளைலேர்ந்து கேக்கமாட்டேன்.” நான் திரும்பவும் வாக்கியத்தைச் சொன்னேன். பிறகு அவன் அழுதான். பதினேழு வயதிலிருந்து தெரிந்தவன், ஒரு சொல் கேட்கிறான், என் வாயில் அந்தச் சொல் இருக்கிறது, தரமாட்டேன் என்கிறேன். நாற்பது நிமிடம் லைனில் இருந்தேன். வைத்த பிறகு என் கை நடுங்கியது.

அந்த இரவு எனக்குள் எழுந்த கேள்வி இன்னும் முழுசாகத் தீரவில்லை. தவிக்கிறவனுக்கு ஆறுதலை மறுக்க ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறது? ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று சொல்லித்தான் நம் வீடுகளில் எல்லாக் கொடுமையும் நடக்கிறது. எர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்களே, அவர்களையும் பலர் நல்லதுக்குத்தான் அங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அப்படியென்றால் நான் செய்தது எதில் வேறு? ஒரு விஷயத்தில் வேறு என்று நினைக்கிறேன். அந்த வாக்கியத்தை எழுதும்போது அவன் மேசையில் இருந்தான். ஒரு வார்த்தையை அவனே அடித்துத் திருத்தினான். ‘லைன்ல இருக்கேன்’ என்பது அவன் சேர்த்தது. மாலை நேரத்தில் தெளிவாக இருந்த அவன், ராத்திரி ஒன்பது மணிக்குக் கெஞ்சப்போகும் தனக்கு எதிராக என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தான். நான் எந்த நண்பனுக்குக் கட்டுப்பட்டவன், மாலையில் பேசியவனுக்கா, இரவில் அழுதவனுக்கா என்று கேட்டால் என்னிடம் தத்துவார்த்தமான பதில் இல்லை. இருவருமே அவன்தான். அதனால்தான் போனை வைக்காமல் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அது எனக்குக் கொஞ்சம் வெட்கமானது. “நிச்சயமா” என்று நூற்றுக்கணக்கான முறை சொல்லியிருக்கிறேனே, எனக்கு என்ன தெரியும்? நான் அந்த ரோட்டில் இல்லை. என் வீட்டு சோபாவில் இருந்தேன். நான் சொன்னது பொய். டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் சொன்ன ஒரு விஷயத்தை எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் ஓதிவிடுவார்கள்: எவ்வளவு சோதித்தாலும் பிழை இருப்பதைக் காட்டலாமே தவிர, பிழையே இல்லை என்று காட்ட முடியாது. புரொடக்‌ஷனில் ஒரு மாற்றத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவனும் இந்த நிச்சயமின்மையோடுதான் தூங்கப்போகிறான். எனக்கு அது சம்பளம் வாங்கும் வேலை. அவனுக்கு மட்டும் நிச்சயத்தை நான் இலவசமாக அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம்’ என்பது கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் இருவரும் பேசிய வாக்கியங்களிலேயே அது ஒன்றுதான் உண்மை. அந்தப் பெருமூச்சைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு நல்ல மனிதன் என்று எனக்கு ஒரு ரசீது கிடைத்துக்கொண்டிருந்தது. ரசீதை அவன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, ஆக கவுன்சிலிங் மட்டம், தெரபி உசத்தி என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் மறுபடியும் தப்பான பதில் சொன்னவன் ஆவேன். அந்தக் கேள்வி வருவதற்கு இரண்டு வருடம் முன்பு என் அப்பா இறந்தார். கம்பெனி ஏற்பாட்டில் ஆறு முறை ஒரு கவுன்சிலரோடு போனில் பேசினேன். அவர் எந்த உத்தியும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. அப்பாவின் பழைய பஜாஜ் ஸ்கூட்டரைப் பற்றி ஒருமணி நேரம் பேசவிட்டார். சாய்த்து உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்றேன், எங்கள் அப்பாவுடையதும் அப்படித்தான் என்றார். போதுமானதாக இருந்தது. என்னிடம் யாரும் ஒண்ணும் ஆகியிருக்காது என்று சொல்லவில்லை, ஏனென்றால் ஆகிவிட்டிருந்தது. எனக்கு எது போதுமோ அதைத்தான் நண்பனுக்கும் போதும் என்றேன். தவறு அங்கே தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள வேலியும் அவ்வளவு பழமையானது அல்ல. கவுன்சிலிங் என்பதன் ஒரு வேர், 1908-இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவத் தொடங்கிய அலுவலகத்தில் இருக்கிறது. (அந்த வகையில் சென்டாக்காரர்கள் ஒன்றும் சொல்லைக் களவாடிவிடவில்லை.) 1942-இல் கார்ல் ரோஜர்ஸ் தன் புத்தகத்துக்கு இரண்டு சொற்களையும் சேர்த்தே தலைப்பு வைத்தார். நன்றாகச் செய்யப்பட்ட கவுன்சிலிங்கை நன்றாகச் செய்யப்பட்ட சைக்கோதெரபியிலிருந்து பிரிக்க முடியாது என்பது அவர் கட்சி. மருத்துவர் அல்லாதவர் சைக்கோதெரபி செய்யலாமா என்று அமெரிக்காவில் சண்டை நடந்த காலம் அது. வேலியில் பாதி, யாருக்கு எந்தப் போர்டு மாட்ட உரிமை என்ற தகராறுதான்.

நம் நாட்டில் இதைவிடச் சுவாரசியமான ஒன்று நடந்தது. எங்களைப் போலவே ஐரோப்பியர் கையில் நீண்டகாலம் இருந்த கோவாவில், விக்ரம் படேலும் அவர் குழுவினரும், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். தீவிர மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். மனச்சோர்வில் நின்றுபோன சின்னச்சின்ன செயல்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கவைக்கும், நன்கு சோதிக்கப்பட்ட ஒரு தெரபி. 495 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் லான்செட்டில் வெளியானது. மூன்று மாதம் கழித்து, இந்த அமர்வுகள் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்வு நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். அந்த ஆட்களைக் கட்டுரையில் கவுன்சிலர் என்றுதான் குறிப்பிட்டார்கள். செய்தது தெரபி. சான்றிதழ் பெரியதா, அறை குளிரூட்டப்பட்டதா என்பது ஒரு பொருட்டாக இல்லை. இந்த நோய்க்கு இதைச் செய்யவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்களால் முடியாதபோது யாரிடம் அனுப்பவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

நண்பனுடைய கவுன்சிலரிடம் இல்லாதது அந்த இரண்டும்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது, என்னிடமும் அவை இல்லை. இந்தியாவில் இன்று கவுன்சிலர், தெரபிஸ்ட் இரண்டு போர்டையும் யார் வேண்டுமானாலும் மாட்டுவதை நடைமுறையில் யாரும் தடுப்பதில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட, 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, குழுமத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மற்ற ஆலோசகர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021-இல் ஒரு சட்டம் வந்தது. நடைமுறைக்கு வரும்வரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இன்று என்னிடம் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லமாட்டேன். முதல் நாளே அவரிடம் கேள் என்பேன்: எனக்கு இருப்பது என்னவென்று நினைக்கிறீர்கள், அதற்கு என்ன செய்வீர்கள், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் என்னை யாரிடம் அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் இரண்டாவது தடவை போகவேண்டாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்று ஓர் எண் இருக்கிறது, டெலி-மானஸ், 2022 அக்டோபரிலிருந்து. இலவசம், தமிழில் பேசலாம். அன்று அது இல்லை. என் ஸ்ப்ரெட்ஷீட்தான் இருந்தது.

அவனிடம் ஒருமுறை மன்னிப்பு கேட்டேன். பீச் ரோட்டில், காந்தி சிலைக்குப் பின்னால் உள்ள பாறைகளில் உட்கார்ந்திருந்தோம். “உனக்கு அப்ப தப்பா சொல்லிட்டேன்டா.” அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சமாதானம் கேக்குறியா மச்சான்?” என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவனுக்கு முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமுடியாது. தூக்கம் கெட்ட நாட்களில் வருகிறது. மாத்திரையை டாக்டர் மெல்லக் குறைத்திருக்கிறார். போன மாதம் அவன் வண்டியில் காலாப்பட்டு வரை போனோம். கோட்டக்குப்பம் தாண்டியதும் இருட்டில் ஒரு வேகத்தடை, பெயின்ட் அழிந்துபோனது. வண்டி தூக்கிப்போட்டது. அவன் கைகள் ஸ்டீயரிங்கில் இறுகுவதைப் பார்த்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தான், கொஞ்ச தூரம் போனபின் பாட்டு போட்டான்.

நான்தான் சைடு மிரரில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.